எரியுது சரி, எர்த் எங்கே?

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தைக்கு நான் போனது தலையணை உறை வாங்க. வாங்கி வந்தது ஒரு பித்தளைச் சுவர் விளக்கு. பழைய பூட்டு, கதவுக் கைப்பிடி, இறக்கை இல்லாத டேபிள் ஃபேன் எல்லாம் பரப்பியிருந்த தார்ப்பாயின் ஓரத்தில் கிடந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டு, அதிலிருந்து அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து வரும் குழாய், முனையில் பால் நிறக் கண்ணாடிக் குடுவை. 700 ரூபாய் சொன்னார், 400க்கு இறங்கினார். "எரியுமா?" என்று கேட்டேன். "ஒயர் குடுத்தா எரியும்மா" என்றார். அந்த ஒயர் கொடுக்கிற வேலை எனக்கு மூன்று வாரம் இழுத்தது.

நாங்கள் இருப்பது முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடியில், வாடகைக்கு. வீட்டுக்கார அம்மா நல்லவர். மாங்காய் காய்த்தால் ஒரு பை மேலே வந்துவிடும். சுவர் விஷயத்தில் மட்டும் அவரிடம் பேச்சே கிடையாது. முன்னால் குடியிருந்தவர்கள் டிவி மாட்டுகிறேன் என்று சுவரைக் கொத்திப் போட்டுவிட்டுப் போனதை இன்றைக்கும் சொல்வார். "ஒரு ஆணி கூட வேணாம்மா" என்பதுதான் எனக்குச் சாவி கொடுக்கும்போதே போட்ட நிபந்தனை.

சுவர் விளக்கு என்பது சுவரை நம்பிப் பிறந்த பொருள். அதற்கென்று தனி ஒயர் கிடையாது. சுவருக்குள் வரும் ஒயர் தட்டுக்குப் பின்னால் அதன் ஒயரோடு சேரும், அதற்கான சுவிட்ச் தனியாகப் போர்டில் இருக்கும். இதைச் செருகு விளக்காக மாற்ற வேண்டுமென்றால் ஒரு நீள ஒயரும் ஒரு பிளக்கும் போதும் என்றுதான் நினைத்தேன். சுவர் செய்துகொண்டிருந்த மற்ற வேலைகளை, அதாவது விளக்கைத் தாங்குவது, இணைப்பை மூடி வைப்பது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் தருவது, இதையெல்லாம் இனி யார் செய்வது என்று யோசிக்கவில்லை.

தாங்குவதற்கு மட்டும் உடனே வழி கிடைத்தது. எங்கள் மர புத்தக அலமாரியின் பக்கவாட்டுப் பலகை. அது எங்களுடையது, எத்தனை திருகு வேண்டுமானாலும் போடலாம். பக்கத்தில் சாய்வு நாற்காலி. அங்கே ஒரு விளக்கு இருந்தால் ராத்திரி படிக்கலாம்.

முதலில் சுத்தம் செய்தேன். கடல் காற்று வீசுகிற ஊரில் பித்தளை பச்சையாகத்தான் கிடைக்கும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தேன். அதற்கு முன்பே உள்ளே இருந்த பழைய ஒயரையும் ஹோல்டரையும் கழற்றிவிட்டேன். ஒயர் ரப்பர் பூசித் துணி சுற்றிய பழங்காலத்து வகை. பிடித்து இழுத்ததும் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. ஹோல்டரின் பேக்கலைட்டில் மயிரிழை விரிசல். பழைய விளக்கு வாங்குகிறவர்கள் உடம்பை மட்டும் வாங்கியதாக நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே மின்சாரம் ஓடுகிற எதையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

தெருமுனைக் கடையில் "டேபிள் லேம்ப் மாதிரிதானே, ரெண்டு கோர் போதும்" என்றார்கள். கோர் என்றால் ஒயருக்குள் தனித்தனியாக உறை போட்ட கம்பி. 23/76 ட்வின் ஒயர் மூன்று மீட்டர், 2 பின் பிளக், ஒயரின் நடுவில் கோக்கும் ஒரு பெட் சுவிட்ச், ஒரு திருகு ஹோல்டர் வாங்கினேன். 23/76 என்றால் 0.0076 அங்குலக் கனமுள்ள 23 இழைகள். அங்குலக் காலத்துக் கணக்கு இன்னும் நம் கடைகளில் உயிரோடு இருக்கிறது.

வளைந்த குழாய்க்குள் ஒயரை நுழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பழைய ஒயரின் வாலில் புதியதைக் கட்டி இழுக்கலாம் என்பார்கள். என்னுடையது பாதி வளைவிலேயே அறுந்துவிட்டது. கடைசியில் கை கொடுத்தது தூண்டில் நரம்பு. வளைவுக்கு ஏற்ப வளையும், ஆனால் துவளாது. அதை ஒரு பக்கம் தள்ளி மறு பக்கம் எடுத்து, முனையில் ஒயரைக் கட்டி இழுத்தேன். வந்துவிட்டது. வரும்போது ஏதோ கரகரவென்று உரசியது. நான் கண்டுகொள்ளவில்லை.

பிளக்கைச் செருகினேன். எரிந்தது. அந்தப் பால் வெளிச்சம் அலமாரியின் தேக்கு மேல் விழுந்ததைப் பார்த்து இரண்டு பேருக்குப் போட்டோ அனுப்பினேன்.

ஐந்தாவது நாள் காலை வீடு துடைத்துவிட்டு, ஈரத் துணியோடு விளக்கின் தட்டையும் துடைக்கப் போனேன். புறங்கையில் சுரீரென்றது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அதோடு போயிற்று. வெறுங்காலோடு அந்த ஈரத் தரையில் நின்றிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரம் மாமா வந்தார். என் கணவரின் அப்பா. கடலூரில் மூத்தவர் வீட்டில் இருக்கிறார், மாதம் ஒருமுறை பஸ் ஏறி இங்கே வருவார். இந்த ஊர் மில் ஒன்றில் 29 வருடம் ஒயர்மேனாக இருந்தவர். விளக்கைக் காட்டினேன், ஷாக் அடித்ததைச் சொல்லாமல். நன்றாக இருக்கிறது என்பார் என்று ஒரு நப்பாசை.

சுவிட்சைப் போட்டார், அணைத்தார். ஒயரைக் கையால் தடவிக்கொண்டே பிளக் வரை போனார்.

"எரியுது சரி. எர்த் எங்கம்மா?"

"ரெண்டு கோர் போதும்னு கடையில சொன்னாங்க மாமா."

"கடைக்காரரா வந்து தொடைக்கப் போறாரு? உடம்பு பித்தளை. உள்ள ஒரு இழை பட்டாலும் முழு விளக்கும் ஃபேஸ்தான்."

ஃபேஸ் என்றால் மின்சாரம் வரும் ஒயர். அப்போதுதான் சுரீரென்றதைச் சொன்னேன். திட்டவில்லை. "காபி போடு, கழட்டுவோம்" என்றார்.

கழற்றிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. குழாயின் வாய் அறுத்தபடியே விடப்பட்டிருந்தது, விளிம்பு பிளேடு மாதிரி. நான் இழுத்தபோது கேட்ட கரகரப்பு, ஒயரின் மேல்தோல் சீவப்பட்ட சத்தம். ஒரே ஒரு மெல்லிய செம்பு இழை வெளியே எட்டிப் பார்த்துப் பித்தளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது ஒயர், அதாவது எர்த், தட்டில் திருகப்பட்டிருந்தால் அந்த இழை தொட்ட நொடியே மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும். எங்களுடையது பழைய ஃபியூஸ் கேரியர் போர்டு. கசிவைக் கண்டதும் தானே விழும் ஆர்சிசிபி கிடையாது. எர்த்தும் இல்லாததால் மின்சாரம் ஐந்து நாளும் பித்தளை மேலேயே, தொடுகிற கைக்காகக் காத்திருந்தது.

மாமா இன்னொன்றையும் காட்டினார். திருகு ஹோல்டரில் ஃபேஸ் நடுவில் இருக்கும் பொட்டுக்கு வர வேண்டும், நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர், சுற்றி இருக்கும் மரைக்கு. பல்பைத் திருகும்போது விரல் படக்கூடியது மரைதான். நான் சரியாகவே மாட்டியிருந்தாலும் 2 பின் பிளக்கில் அதற்கு அர்த்தம் இல்லை. இன்று ஒரு பக்கம் செருகுவோம், நாளை திருப்பிச் செருகுவோம், ஃபேஸ் மரைக்கு வந்துவிடும். பெட் சுவிட்சும் அப்படியே. ஃபேஸை வெட்டுவதற்குப் பதில் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கும். பல்பு அணைந்திருக்கும், ஹோல்டர் உயிரோடு இருக்கும். நம் 5 ஓட்டை சாக்கெட்டில் 2 பின்னை எப்படி வேண்டுமானாலும் நுழைக்கலாம். 3 பின்னை ஒரே மாதிரிதான் நுழைக்க முடியும். எர்த்துக்கு மட்டும்தான் மூன்றாவது பின் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மறுநாள் இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். 0.75 சதுர மில்லிமீட்டர் 3 கோர் உருண்டை ஒயர், 6 ஆம்பியர் 3 பின் டாப் (பிளக்), பிவிசி ரவுண்ட் பிளாக், ரப்பர் புஷ், ஒயர் முனையில் போடும் வளையமான ரிங் லக், ஒரு கனெக்டர் பட்டை. புதிய ஹோல்டரும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. விளக்கின் விலை அளவே அதன் வயிற்றுக்கும். 9 வாட் எல்இடி பல்பு 0.04 ஆம்பியர்தான் இழுக்கும், அதற்கு இத்தனை தடித்த ஒயர் எதற்கு என்று கேட்டேன். "பல்புக்கு இல்லம்மா. கால் தடுக்கி இழுத்தா அறுந்து வரக்கூடாது. உள்ள ஷார்ட்டாச்சுன்னா ஃபியூஸ் போற வரைக்கும் தாங்கணும்" என்றார்.

அந்த உருண்டை ஒயர் குழாய்க்குள் போகாது, அதன் மேலுறையே குழாயின் துவாரத்தை அடைத்துவிடும். மாமாவுக்கு அது முன்பே தெரியும். அதற்குத்தான் ரவுண்ட் பிளாக். பழைய வீடுகளில் சுவர் விளக்குக்கு அடியில் ஒரு மர வட்டம் இருக்குமே, அதன் பிளாஸ்டிக் தம்பி. 3 கோர் ஒயர் பிளாக்கின் பக்கவாட்டுத் துளை வழியாக, ரப்பர் புஷ்ஷுக்குள் நுழைந்து உள்ளே வருகிறது. அங்கே ஒரு கிளாம்ப் மேலுறையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. பிறகுதான் மேலுறை உரிக்கப்பட்டு மூன்று கோரும் பிரிகின்றன. ஃபேஸும் நியூட்ரலும் கனெக்டரில் முடிய, அங்கிருந்து இரண்டு ஒற்றை ஒயர்கள், மேலே ஸ்லீவ் போட்டு, குழாய் வழியாக ஹோல்டருக்குப் போகின்றன. பச்சை, அதாவது எர்த், மட்டும் பித்தளைத் தட்டில். சுவருக்குள் ஒளிந்திருக்க வேண்டிய இணைப்புகள் எல்லாம் இப்போது பிளாக்கின் மூடிய வயிற்றுக்குள். என் முதல் வேலையில் அவை தட்டுக்குப் பின்னால், அலமாரிப் பலகையின் மேல், வெறும் இன்சுலேஷன் டேப்பை நம்பி இருந்தன. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த டேப்பின் பசை இளகி, வருடம் திரும்புவதற்குள் பிசுபிசுவென்று வழிந்துவிடும்.

அதற்கு முன் குழாயின் இரண்டு வாயையும் சின்ன உருட்டு அரத்தால் தேய்த்தோம். சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்து, கீறவில்லை என்ற பிறகுதான் ஒயர் உள்ளே போனது.

எர்த் திருகுக்கு மாமா எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. தட்டின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். களிம்பு மேல் திருகினால் எர்த் கொடுத்ததாக நாம் நினைத்துக்கொள்வோம், மின்சாரம் அப்படி நினைக்காது என்றார். லக், அதன் மேல் பல் வாஷர், அப்புறம் நட். பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரல்கடை நீளமாக விட்டார். யாராவது இழுத்துக் கிளாம்ப் நழுவினாலும் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் அறும், எர்த் கடைசியாக. பிளக்கைத் திறந்தபோதும் அதே கணக்குத்தான். எர்த் பின் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதைத் தினமும் பார்க்கிறோம். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும்.

பிளக்கை மாட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார். மூன்று முனைகளையும் உரித்து, இழைகளை முறுக்கி, திருகு இறுகும் திசையிலேயே சுற்றி, ஒன்றுகூடச் சிலும்பாமல் மாட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. மூடியை எடுத்தபோதுதான் தெரிந்தது, ஒயரை முதலில் அந்த மூடியின் துளை வழியாக விட்டிருக்க வேண்டும். மறுபடி மூன்றையும் கழற்றினேன். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "மில்லுல நானும் பண்ணுவேன், திங்கக்கிழமையில" என்றார்.

செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை ஒலி வைக்கும் நிலையில் போட்டுச் சோதித்தோம். ஒரு முனை பிளக்கின் எர்த் பின்னில், மறு முனை பித்தளை உடம்பில் வைத்தால் கீச்சென்று கேட்க வேண்டும். ஃபேஸ் பின்னுக்கும் உடம்புக்கும், நியூட்ரல் பின்னுக்கும் உடம்புக்கும் சத்தமே வரக்கூடாது. பல்பைக் கழற்றிவிட்டு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தாலும் மௌனம்தான். பிளக் சாக்கெட்டில் இல்லாதபோது செய்கிற சோதனை என்பதால் பயம் இல்லை. இரண்டு நிமிட வேலை. என் முதல் தடவையில் இதைச் செய்திருந்தால் அந்த இழை அன்றே மாட்டியிருக்கும். கடைசியாக மாமா ஒயரைப் பிடித்து விளக்கையே தூக்கிப் பார்த்தார். கிளாம்ப் பிடித்துக்கொண்டது.

இனி செருகலாம் என்று எழுந்தேன். "சாக்கெட்டுல எர்த் இருக்கான்னு பாத்தியா?" மூன்று ஓட்டை இருக்கிறதே மாமா என்றேன். ஓட்டை இருந்தால் போதுமா?

அவருடைய பையில் ஒரு ஹோல்டரும் இரண்டு ஒயர் வாலும் கொண்ட டெஸ்ட் லேம்ப் எப்போதும் இருக்கும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், எரியவில்லை. இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், வெறும் ஒயர் முனையைக் கையில் பிடிப்பது பழகியவர்களின் வேலை. பிளக் வடிவத்திலேயே மூன்று குட்டி விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் கடைகளில் கிடைக்கிறது. செருகினால் எந்த ஒயர் இல்லை, எது இடம் மாறியிருக்கிறது என்று காட்டிவிடும். நியான் டெஸ்டரை மட்டும் நம்ப முடியாது. அது ஃபேஸைக் காட்டும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னோம். எலக்ட்ரீஷியன் வந்து போர்டைத் திறந்தார். சுவருக்குள்ளிருந்து எர்த் கம்பி போர்டு வரை வந்து, சாக்கெட்டில் மாட்டப்படாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியவில்லை. மாட்டினார், எர்த் மேலே, நேராகப் பார்த்தால் வலது கைப்பக்கம் ஃபேஸ், இடது கைப்பக்கம் நியூட்ரல் என்று சரிபார்த்தார். கம்பியே வந்திருக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிலர் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் ஓட்டைக்கு இழுத்துவிடுவார்களாம். டெஸ்டர்கூட எல்லாம் சரி என்று காட்டிவிடும். எங்காவது நியூட்ரல் விட்டுப்போன அன்று, பிளக்கில் செருகியிருக்கும் உலோக உடம்புள்ள சாதனம் அத்தனையிலும் 230 வோல்ட் ஏறிவிடும். "அதுக்கு எர்த் இல்லாமலே இருந்துடலாம்" என்றார் மாமா. அந்த ஒரு விஷயத்தில் எலக்ட்ரீஷியனும் அவரும் ஒத்துப்போனார்கள், மற்ற எல்லாவற்றிலும் ஒரு மணி நேரம் சண்டை.

பெட் சுவிட்சை மறுபடி போடவில்லை. நம் பிளக் பாயிண்டுகளில் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது. எழுந்துபோய் அணைக்கச் சோம்பல்பட்டு ஒயரின் நடுவில் இன்னோர் இணைப்பை உண்டாக்குவானேன்? ஒயரை அலமாரியின் பின் ஓரமாகக் கிளிப் அடித்து இறக்கினேன். பாய்க்கு அடியில் விடவில்லை, மிதிபட்டால் தெரியாமலே நசுங்கும். ஒன்று மட்டும் பிடிபடாமல் இருந்தது. பல்பு ஏழு மாதத்தில் போய்விட்டது. மூடிய குடுவைக்குள் எல்இடி பல்பின் சூடு வெளியேற முடியாமல் அதன் அடிப்பாகத்துச் சர்க்யூட் வெந்துபோகிறது. இப்போது 5 வாட் போட்டிருக்கிறேன், படிக்க அதுவே போதுமாக இருக்கிறது.

அந்த வருடம், 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. கொட்டிய மழையில் எதிர்வீட்டு அக்காவின் மேற்குச் சுவர் ஊறிப்போயிற்று. அவர் வீட்டிலேயே தைக்கிறவர். தையல் மெஷினுக்கு மேலே அந்தச் சுவரில்தான் எல்இடி பட்டி விளக்கு. தண்ணீர் வடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் சுவரைத் தொட்டால் விறுவிறுவென்கிறது, விளக்கை அணைத்து வைத்தாலும் அப்படியே என்றார். "உனக்குத்தான் தெரியுமே, பாரேன்" என்று கூப்பிட்டார். ஒரு விளக்கு மாற்றியவளுக்கு ஊரில் இப்படித்தான் பட்டம் கிடைக்கும்.

செருப்புப் போட்டுக்கொண்டு போனேன். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. பட்டியின் இணைப்பில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். பல்பு அணையும், சுவருக்குள் ஃபேஸ் இருபத்து நாலு மணி நேரமும் உயிரோடு நிற்கும். ஈரச் சுவர் அதைத்தான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதற்கு மேல் தொடவில்லை. மெயினை இறக்கச் சொன்னேன், எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தோம். சுவரில் இருக்கும் விளக்கைக் கழற்றும்போது அதன் சுவிட்சை நம்பாமல் மெயினை இறக்கி, அதன் பிறகும் ஒரு முறை டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அன்றிலிருந்து எனக்குப் பழக்கம். டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை அதற்கு முன்பே உயிருள்ள ஒரு சாக்கெட்டில் வைத்துத் தெரிந்துகொள்வதும் சேர்த்து.

எலக்ட்ரீஷியன் அந்தப் பாயிண்டுக்குப் போகும் ஃபேஸை ஸ்விட்ச் போர்டிலேயே கழற்றினார், சுவர் முனைகளைத் தனித்தனிக் கனெக்டரில் மூடி மேலே வெற்றுத் தட்டு அடித்தார். பட்டியை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மாமா மாதிரியே முதலில் எர்த்தைத் தேடினேன். இல்லை. வெளி உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக், சதுரத்துக்குள் சதுரம் அச்சடித்திருந்தது. இரட்டைக் காப்பு, எர்த் தேவைப்படாதது என்பதற்கான அடையாளம் அது. இதற்கு இரண்டு கோர் போதும். தெருமுனைக் கடைக்காரர் சொன்னது இந்த விளக்குக்குச் சரி. பட்டியிலிருந்து வரும் குட்டி ஒயரையும் புது ஒயரையும் ஒரு சின்ன மூடிய பெட்டிக்குள் கனெக்டரில் சேர்த்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டேன். காய்ந்த கிழக்குச் சுவர்ப் பக்கம் மெஷினைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் சட்டத்தில் பட்டியை மாட்டினோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிளக் மூடியை இந்தத் தடவை முதலிலேயே கோத்துக்கொண்டேன்.

கூலி வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். ஒன்று அக்குளில் பிடிக்கிறது. வெளிச்சம் புதுசு, இன்னும் கண் பழகவில்லை என்கிறார்.